பெண் ஓட்டிய வண்டி

பழைய கார் விற்கும் கடைகளில் ஒரு பேச்சு உண்டு: "லேடீஸ் ஓட்டின வண்டி மேடம்." அதைவிடக் கொஞ்சம் விலை கூடியது "லேடி டாக்டர் வண்டி." இந்த விளம்பரத்துக்குள் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். மெதுவாக ஓட்டுகிறவள். வீட்டுக்கும் மருத்துவமனைக்கும் தவிர வேறெங்கும் போகாதவள். இரவில் வண்டியை வெளியே எடுக்காதவள். அவள் போகாத தூரம்தான் அந்த வண்டியின் மதிப்பு. ஒரு பெண் எவ்வளவு குறைவாக வாழ்ந்திருக்கிறாளோ அவ்வளவுக்கு அவளுடைய கார் நல்ல விலைக்குப் போகும்.

வாங்கிய வண்டியில் கோளாறு என்று அதே கடைக்குப் போய் நின்றால் இன்னொரு பெண்ணைக் காட்டுவார்கள். இவளுக்குக் கிளட்ச் எங்கே விடுவதென்று தெரியாது. தப்பான கியரில் ஓட்டுவாள். எதற்கெடுத்தாலும் பயந்துகொண்டு வருவாள். வண்டியைக் கெடுப்பவளே இவள்தான்.

2023இல் இந்த இரண்டு பெண்களையும் ஒரே கடையில், ஒரே மாதத்தில் எனக்கு அறிமுகப்படுத்தினார்கள். இரண்டாமவள் நான்தானாம்.

எனக்கு எதற்குக் கார் என்று உறவில் எல்லோரும் கேட்டார்கள். நான் திருச்சியில் குடியிருக்கிறேன். புதுக்கோட்டையில் ஒரு கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறேன். பேருந்தில் ஒரு நடைக்கு ஒன்றரை மணி நேரம். பதினாறு வருடம் அப்படித்தான் போய்வந்தேன். பேருந்து பகலைக் கொடுக்கும், மாலையைப் பிடுங்கிக்கொள்ளும். ஐந்து மணிக்கு மேல் நூலகத்தில் உட்கார முடியாது. ஆய்வு மாணவி ஒருத்தி இயலைத் திருத்தக் கொண்டுவந்தால் கண் கடிகாரத்தில் இருக்கும். தஞ்சாவூரில் ஒரு நூல் வெளியீடு, மதுரையில் ஒரு கவிதை வாசிப்பு என்றால், "எப்படித் திரும்புவேன்?" என்பதைத்தான் முதலில் யோசிப்பேன். ஆண் கவிஞர்கள் கூட்டம் முடிந்து டீக்கடையில் நின்று பேசுவார்கள். உண்மையான இலக்கியப் பேச்சு அங்கேதான் நடக்கும். நான் அந்நேரம் பேருந்து நிலையத்தில் நிற்பேன். நாற்பத்து நான்கு வயதில் நான் வாங்கப் போனது காரை அல்ல, மாலை நேரத்தை. பணியாளர் கூட்டுறவுச் சங்கத்தில் இரண்டு லட்சம் கடன், என் சேமிப்பில் ஒரு லட்சத்துப் பத்தாயிரம். 2015 மாடல், சிறிய பெட்ரோல் வண்டி.

சரிபார்க்க முடிந்ததையெல்லாம் சரிபார்த்தேன். ஆர்சியில் உள்ள என்ஜின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் வண்டியில் இருப்பதோடு ஒப்பிட்டேன். வங்கிக் கடன் பாக்கி இல்லை, காப்பீடு நடப்பில் இருக்கிறது, அபராதம் எதுவும் நிலுவையில் இல்லை. நான்கு கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தேன். பிரேக் பிடித்தது, ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்கவில்லை, ஏசி குளிர்ந்தது. மீட்டர் 41,000 காட்டியது. "டாக்டரம்மா ஓட்டினது மேடம். கிளினிக்குக்கும் வீட்டுக்கும்தான். ஆர்சி மட்டும் அவங்க வீட்டுக்காரர் பேர்ல இருக்கு" என்றார் கடைக்காரர். வாட்ஸப்பிலும் அப்படியே எழுதி அனுப்பியிருந்தார்: லேடி டாக்டர் யூஸ்டு, 41,000 கி.மீ., நோ ஒர்க்.

ஒன்பதாவது நாள் கல்லூரியிலிருந்து திரும்பும்போது, நார்த்தாமலை தாண்டியதும் ஏசியிலிருந்து சூடான காற்று வந்தது. டெம்பரேச்சர் முள் நடுவிலிருந்து எழுந்து சிவப்பை நோக்கிப் போனது. ஓரங்கட்டி என்ஜினை நிறுத்தினேன். பானட்டுக்கு அடியிலிருந்து ஆவி. ஒரு வாசனையும் வந்தது. சர்க்கரைப் பாகு அடிப்பிடிக்கும் முன் வருமே, அந்த மாதிரித் தித்திப்பான வாசனை. பைக்கில் போன ஒருவர் நிறுத்தி, ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றச் சொன்னார். திறக்கவில்லை. விசில் அடங்காத குக்கரைத் திறக்கக்கூடாது என்பது எனக்குப் பத்து வயதில் தெரியும். முக்கால் மணி நேரம் கழித்துத் துணியை மடித்துப் பிடித்துத் திறந்தேன். உள்ளே பாதிக்கு மேல் காலி. ஆனால் தரையில் ஒரு சொட்டு ஒழுகியிருக்கவில்லை.

மறுநாள் கடைக்குப் போனேன். முள் ஏறியது, வாசனை, ஆவி, ஒழுக்கு இல்லாமல் தண்ணீர் குறைந்தது என்று நடந்ததை வரிசையாகச் சொன்னேன். கடைக்காரர் என்னைப் பார்த்துக் கேட்கவில்லை. தன் மெக்கானிக்கைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கேட்டார். "கிளட்ச்ல காலை வச்சுக்கிட்டே ஓட்டுவீங்க மேடம். லேடீஸ் எல்லாரும் அப்படித்தான். சூடாகத்தான் செய்யும்." கிளட்சை அரைகுறையாக மிதித்து ஓட்டினால் தேய்வது கிளட்ச் பிளேட். ரேடியேட்டர் தண்ணீர் அதனால் காணாமல் போகாது. சொன்னேன். "யூட்யூப் பார்ப்பீங்களா மேடம்?" என்றார். மூன்றாவது முறை போனபோது, "உங்க வீட்டு ஜென்ட்ஸ் யாரையாவது வரச் சொல்லுங்க, பேசிக்கலாம்" என்றார். எங்கள் வீட்டில் நானும் அம்மாவும்தான்.

இந்த இடத்தில் இதைப் படிக்கும் மாணவிகள் நின்று கவனிக்க வேண்டும். கோளாறு வண்டியில் இருந்தது. மூன்று சந்திப்புகளில் அதைக் கழற்றி எடுத்து என்மேல் பொருத்திவிட்டார்கள். வயிற்றுவலி என்று போகிற பெண்ணிடம் "டென்ஷன் ஆகாதீங்கம்மா" என்று சொல்லி அனுப்புவதும், கணவன் அடித்தான் என்பவளிடம் "நீ என்ன பேசினே?" என்று கேட்பதும் இதே வேலைதான். பெண் ஒரு பழுதைச் சொன்னால் பழுதை விட்டுவிட்டு, சொன்னவளைப் பரிசோதிப்பார்கள்.

கடையில் மட்டுமா? வீட்டுக்கு வந்த மாமாவும் துறையிலுள்ள நண்பர்களும் ஒன்றையே சொன்னார்கள்: "ஒரு ஆம்பளையக் கூட்டிட்டுப் போயிருக்கலாமே." கூட்டிப் போயிருந்தால் அவர் மட்டும் என்ன, என்ஜினுக்குள் எட்டிப் பார்த்திருப்பாரா? பழைய கார் சந்தையைப் பற்றி 1970இல் அமெரிக்கப் பொருளியலாளர் ஜார்ஜ் அக்கர்லாஃப் ஒரு கட்டுரை எழுதினார். மோசமான காரை அந்த ஊர் வழக்கில் 'எலுமிச்சை' என்பார்கள்; கட்டுரையின் தலைப்பிலும் அந்தச் சொல் இருக்கிறது. வண்டியின் நிலை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. இந்த இடைவெளியே சந்தையைக் கெடுக்கிறது என்பது அவர் வாதம். 2001இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தபோது இந்தக் கட்டுரைதான் முதன்மையாகப் பேசப்பட்டது. ஆக, வாங்குபவருக்குத் தெரியாமல் இருப்பது பால் சார்ந்த குறை அல்ல. அது அந்த வியாபாரத்தின் அமைப்பு.

அந்த இடைவெளி எல்லோருக்கும் ஒரே அகலத்தில் இருப்பதில்லை என்பதும் உண்மை. இயன் அயர்ஸ் என்ற சட்ட அறிஞர் சிகாகோப் பகுதிக் கார் கடைகளுக்கு ஆண்களையும் பெண்களையும், வெள்ளையரையும் கறுப்பினத்தவரையும் அனுப்பினார். எல்லோருக்கும் ஒரே மாதிரிப் பேரம் பேசப் பயிற்சி தந்திருந்தார். 1991இல் வெளியிட்ட முடிவில், வெள்ளை ஆண்களுக்கே குறைந்த விலை சொல்லப்பட்டிருந்தது. பெண்களுக்குக் கூடுதல், கறுப்பினப் பெண்களுக்கு எல்லோரையும்விடக் கூடுதல். அவை புதுக் கார்கள், அது வேறு நாடு. ஆனால் எல்லோரும் ஒரே வசனத்தைப் பேசியும் விலை மாறியது என்பதைப் படித்தபோது, எங்கள் ஊர் கடைக்காரரின் சிரிப்பு எனக்கு நினைவு வந்தது.

என் அம்மா புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர். 1990களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் கொடுத்த ஊக்கத்தில் ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். அம்மா அப்போது முப்பதைத் தாண்டியவர், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். ஓட்டப் பழகிய கையோடு, சைக்கிள் கடை அண்ணனிடம் செயின் மாட்டவும் பஞ்சர் ஒட்டவும் கேட்டுத் தெரிந்துகொண்டார். "செயின் கழண்டா நடுரோட்டுல நின்னு எவனாவது வருவானான்னு பாக்கணும்னா, அந்தச் சைக்கிள் நம்மளது இல்ல பாப்பா" என்பார். நான் மூன்று முறை கடைக்கு அலைந்து திரும்பிய இரவு அம்மா கேட்டது ஒன்றுதான்: "அவன் சொல்றது இருக்கட்டும். வண்டிக்கு என்னன்னு கண்டுபிடிச்சியா?"

பாலக்கரையில் ஒரு பட்டறை. பாய்க்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். அந்தத் தித்திப்பான வாசனையைச் சொன்னதும் தலையசைத்தார். "அது கூலண்ட் வாசம் டீச்சர். சரியாத்தான் சொல்றீங்க." ஆயில் மூடியைத் திறந்து அடிப்பக்கத்தைக் காட்டினார், பால் கலந்த காபி நிறத்தில் ஒரு பசை. வண்டியை ஸ்டார்ட் செய்து ரேடியேட்டருக்குள் பார்க்கச் சொன்னார். குமிழி குமிழியாக வந்தது. "ஹெட் கேஸ்கெட் போயிருச்சு. உங்க குக்கர் கேஸ்கெட் மாதிரிதான். மேல ஒரு இரும்பு, கீழ ஒரு இரும்பு, நடுவுல இது. இது போனா உள்ள இருக்கிற பிரஷர் தண்ணிக்குள்ள வரும், தண்ணி என்ஜினுக்குள்ள போயி ஆவியாயிரும். அதான் தரையில ஒழுகல."

கேஸ்கெட்! தமிழ்நாட்டில் ஆண்களைவிட அந்தச் சொல்லை அதிகமுறை சொல்லியிருப்பவர்கள் பெண்கள்தான். அது இறுகிப் போவதையும், பக்கவாட்டில் ஆவி சீறுவதையும், மாற்றும் நாளைத் தள்ளிப்போட முடியாது என்பதையும் நாம் தினமும் பார்க்கிறோம். அடுக்களையில் இருக்கும்போது அந்த அறிவுக்கு அறிவென்று பெயர் இல்லை. பானட்டுக்கு அடியில் போனதும் அதுவே ஆண்களின் தொழில்நுட்பமாகிவிடுகிறது.

பாய் இன்னொன்றையும் காட்டினார். ரேடியேட்டருக்குள் பழுப்பாக ஒரு கசடு. ஒழுக்கைத் தற்காலிகமாக அடைக்கப் போடுகிற பொடி. சில நாள் தாங்கும். நான்கு கிலோமீட்டர் ஓட்டிப் பார்ப்பதற்கு நன்றாகவே தாங்கும். பிறகு பிரேக் பெடலின் ரப்பரைத் தொட்டுப் பார்த்தார். "41,000 ஓடின வண்டியில இது இப்படி வழவழன்னு ஆகாதே."

கார் கம்பெனியின் சர்வீஸ் நிலையத்தில், வண்டி எண்ணைக் கொடுத்துப் பழைய பதிவுகளைக் கேட்டு வாங்கினேன். 2020இல் கடைசியாக அங்கே வந்தபோதே 87,300 கிலோமீட்டர். மீட்டரைக் குறைத்திருக்கிறார்கள். டிஜிட்டல் மீட்டர் என்பதால் யாரும் கைவைக்க முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கென்று கருவி இருக்கிறது. எண்ணை மாற்றுவது சில நிமிட வேலை.

ஆர்சியில் இருந்த முந்தைய உரிமையாளரைத் தேடிப் பேசினேன். மருந்து விற்பனைப் பிரதிநிதி. ஐந்து மாவட்டம் சுற்றியவர். வண்டி அடிக்கடி சூடாவதாகச் சொல்லித்தான் குறைந்த விலைக்குக் கொடுத்தாராம். தயங்கித் தயங்கி டாக்டரம்மாவைப் பற்றிக் கேட்டேன். மறுமுனையில் சற்று மௌனம். "என் வீட்டம்மாவுக்கு வண்டி ஓட்டத் தெரியாதுங்க. டெய்லரிங் பண்றாங்க."

அகப்பாடல்களில் தலைவிக்குப் பெயர் இருப்பதில்லை என்று ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் சொல்லித் தருகிறேன். பெயர் சொன்னால் அது ஒருத்தியின் கதையாகிவிடும். சொல்லாவிட்டால் எவருடைய கதையாகவும் இருக்கலாம். இந்த டாக்டரம்மாவுக்கும் பெயர் இல்லை. ஆனால் இவளைப் படைத்தவர் கவிஞர் அல்ல. கழற்றிய ஐம்பதாயிரம் கிலோமீட்டரை ஒளித்துவைக்க ஒரு பெண் தேவைப்பட்டிருக்கிறாள். எதையும் சந்தேகிக்கவிடாத ஓர் அடக்கமான பெண். அவளை நம்பும்படி செய்தவர்தான், உயிரோடு எதிரில் நின்ற என்னை நம்ப மறுத்தார். இல்லாத பெண் நன்றாக ஓட்டினாள். இருக்கிற பெண்ணுக்கு ஓட்டத் தெரியவில்லை.

அதன்பின் நான் கடைக்குப் போவதை நிறுத்திவிட்டு எழுத ஆரம்பித்தேன். எனக்குத் தெரிந்த தொழில் அதுதான். நடந்தவற்றைத் தேதிவாரியாக இரண்டு பக்கம் எழுதினேன். பெயரடை, வினையடை ஒன்றும் இல்லாமல். பாய் தந்த குறிப்பு, சர்வீஸ் பதிவின் நகல், வாட்ஸப் விளம்பரத்தின் படம், பணம் அனுப்பிய ரசீது எல்லாவற்றையும் சேர்த்தேன். "ஏழு நாளுக்குள் உங்கள் ஆளை அனுப்பி வண்டியைப் பார்த்துக்கொள்ளலாம், அதன்பின் பழுது பார்ப்பேன், செலவு உங்களுடையது" என்று முடித்து, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன். யாரும் வரவில்லை. பாய் ஹெட்டைக் கழற்றிச் சமன்செய்து புது கேஸ்கெட் போட்டார். ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுத்தேன். பழைய கேஸ்கெட்டை ஒரு பையில் வாங்கி வைத்துக்கொண்டேன். பில் 27,400 ரூபாய்.

இரண்டாவது கடிதத்தில், மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகப் போவதாக எழுதினேன். அப்போது கடையிலிருந்து அழைப்பு வந்தது. பில் தொகையைத் தந்துவிடுகிறோம், ஒரு தாளில் கையெழுத்துப் போடுங்கள் என்றார்கள். தாளில் இருந்தது: "வாடிக்கையாளர் நலன் கருதி, நல்லெண்ண அடிப்படையில்." நான் கையெழுத்திடவில்லை. வண்டியில் பழுது இருந்தது, மீட்டர் அளவு பொய் என்ற இரண்டும் அந்தத் தாளில் எங்குமே இல்லை. நல்லெண்ணம் என்று எழுதினால் நான் சலுகை வாங்கியவள் ஆவேன். இருபத்தேழாயிரத்துக்காக அந்தச் சொல்லை வாங்கிக்கொள்ள எனக்கு மனமில்லை. "பணம் முழுசா வருது, ஒரு வார்த்தைக்காகவா?" என்று நண்பர்கள் கேட்டார்கள். ஆமாம், அந்த வார்த்தைக்காகத்தான்.

ஆணையத்தில் மனு கொடுத்தேன். மாணவிகளுக்கு உதவும் என்பதால் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை. கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். பொருளின் தரத்தைப் பற்றிப் பொய் சொல்லி விற்பது, பழைய பொருளானாலும், நியாயமற்ற வணிக நடைமுறைதான். 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தைக் கேட்கலாம். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகன விதிகளின்படி, பழைய வண்டி வாங்கி விற்கும் வியாபாரிகள் பதிவு அலுவலரிடம் அங்கீகாரச் சான்று பெற வேண்டும்; அதைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம்.

வண்டி பார்க்கப் போகும் தோழிகளுக்கும் கொஞ்சம். என்ஜின் குளிர்ந்து கிடக்கும்போதே பார்க்க வேண்டும் என்று முன்கூட்டிச் சொல்லி, போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். ஆயில் மூடியின் அடியைப் பாருங்கள். அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. மீட்டர் சொல்லும் கதையும் டயர் சொல்லும் கதையும் ஒத்துப்போகிறதா பாருங்கள். சர்வீஸ் பதிவைக் கையில் வாங்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். விற்பவர் வாயால் சொல்வதை எழுத்தில் கேளுங்கள். கேட்டதும் முகம் மாறுகிறதா என்று பார்ப்பதும் ஒரு பரிசோதனைதான். இவ்வளவுக்குப் பிறகும் பழுது வந்தால், உங்களுக்கு எதுவும் தெரியவில்லை என்று அதற்கு அர்த்தமில்லை. ஒருவர் மறைத்திருக்கிறார் என்று அர்த்தம்.

பதினோரு மாதம் ஆனது. மூன்றாவது விசாரணைத் தேதியில் எதிர்த்தரப்பு சமரசத்துக்கு வந்தது. பழுதுச் செலவு முழுவதும், விலையில் 40,000 ரூபாயும். கூட்டு மனுவில் "நல்லெண்ணம்" என்று மறுபடியும் எழுதி வந்தார்கள். அடித்துவிட்டு, "விற்பனையின்போது மீட்டரில் காட்டிய அளவு வண்டி உண்மையில் ஓடிய தூரம் அல்ல" என்று எழுதச் சொன்னேன். அவர்களுடைய வழக்கறிஞர் அரை மணி நேரம் தொலைபேசியில் பேசிவிட்டு வந்து எழுதினார். முனைவர் பட்ட ஆய்வேட்டுக்குப் பிறகு, ஒரு வாக்கியத்துக்காக நான் இவ்வளவு மெனக்கெட்டது இதுதான்.

வண்டி இப்போது நன்றாக ஓடுகிறது. தஞ்சாவூர்க் கூட்டம் முடிந்து டீக்கடையில் நின்று பேசிவிட்டு, பத்து மணிக்குமேல் நானே ஓட்டிக்கொண்டு வருகிறேன். முள் நடுவில் நிற்கிறதா என்று பார்க்கும் பழக்கம் மட்டும் போகவில்லை. டேஷ்போர்டில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். தேதி, உண்மையான கிலோமீட்டர், போட்ட ஆயில், மாற்றிய பாகம், வந்த கோளாறு, கொடுத்த காசு எல்லாம் அதில் இருக்கிறது. ஒருநாள் இந்த வண்டியை விற்பேன். வாங்க வருகிறவளிடம் சாவியோடு அந்த நோட்டையும் கொடுப்பேன். தூரம் நிறையத்தான் ஓடியிருக்கும். ஒரு பெண் ஓட்டிய வண்டி அது.